நாற்காலிக்கு அடியில் கிடந்த சீசன் பாஸ்

என் கிளினிக்கில் வேலை பார்த்த இளம் டாக்டர்கள் எல்லோரும் ஒரு விஷயத்துக்காக என்னைக் கேலி செய்திருக்கிறார்கள். நோயாளி வந்து உட்கார்ந்ததும் நான் வாயைத் திறக்கச் சொல்ல மாட்டேன். நாற்காலியைச் சாய்க்க மாட்டேன். வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடி தட்டிலேயே கிடக்கும். அவர் நேராக உட்கார்ந்து முதலில் ஒரு நிமிஷம் பேச வேண்டும். பேர் என்ன, எங்கிருந்து வருகிறார், காலையில் என்ன சாப்பிட்டார், சாப்பிட்டதை விழுங்க முடிந்ததா. கூட வந்தவர் பதில் சொன்னால், "நீங்க இருங்க, அவர் சொல்லட்டும்" என்பேன். இதற்கு 'மேடம் இன்டர்வியூ' என்று பேர் வைத்திருந்தார்கள். வெளியே பத்து பேர் காத்திருக்கும்போது உள்ளே ஒருவர் தான் சாப்பிட்ட உப்புமாவைப் பற்றி டாக்டரிடம் விளக்கிக்கொண்டிருந்தால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும். எனக்கே வரும்.

பெங்களூர் ஜீவனஹள்ளியில் முப்பத்தொரு வருஷம் நான் நடத்திய அந்தக் கிளினிக்கை இப்போது ஒரு டாக்டர் தம்பதி நடத்துகிறார்கள். கெட்டிக்காரர்கள். என் இன்டர்வியூவை எடுத்துவிட்டு ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். நோயாளி வாசலிலேயே டிக் போட்டுக் கொடுத்துவிடலாம். புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் டாக்டர்களான உங்களுக்காகப் பல் சீழைப் பற்றி நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று அவர்கள்தான் கேட்டார்கள். நாலு வார்த்தையில் நிறுத்த எனக்கு வராது என்பதை அவர்களுக்கு நான் சொல்லவில்லை.

பாடத்தை நீங்கள் என்னைவிடச் சமீபத்தில் படித்தவர்கள், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொத்தை உள்ளே போய் நரம்பைத் தொடுகிறது. நரம்பு சாகிறது. வேர் நுனியில் சீழ் கட்டுகிறது. எலும்புக்குள் அது அடைபட்டிருக்கும் வரை உயிர் போகிற வலி. எலும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்ததும் வலி பாதியாகக் குறையும், முகம் வீங்கும். வலி குறைந்ததே என்று நோயாளி சந்தோஷப்படுவார். அவர் படலாம், நீங்கள் படக் கூடாது. சீழ் வீட்டைக் காலி செய்யவில்லை, அடுத்த அறைக்குக் குடி போயிருக்கிறது, அவ்வளவுதான். மாத்திரை அது பரவுவதைக் கொஞ்சம் தடுக்கும். கட்டிய சீழுக்குள் மாத்திரை போய்ச் சேராது. பல்லைக் குடைந்தோ, ஈறைக் கீறியோ, பல்லையே எடுத்தோ அதற்கு வழி விட வேண்டும்.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கும் தெரியும். தெரிந்து வைத்துக்கொண்டுதான் செய்தேன்.

அன்றைக்கு என்றால் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டிசம்பர் மாதம். அதைச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் ஊரில் பாதிப்பேர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வந்து, வேலை பார்த்துவிட்டு, சாயங்கால ரயிலில் திரும்புகிறார்கள். ஈஸ்ட் ஸ்டேஷன் என் கிளினிக்கிலிருந்து நடக்கிற தூரம்தான். அதனால் ஊர்க்காரர்களுக்குப் பல்வலி வந்தால் என்னிடம் வருவார்கள். வந்து உட்காரும்போதே "ட்ரெயினுக்கு டைம் ஆச்சு டாக்டரம்மா" என்பார்கள். அந்த ரயிலை விட்டால் அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். அந்த வார்த்தையைக் கேட்டதும் என் கை தானாக வேகமெடுக்கும். அதை நான் கருணை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி செல்வி. அவளை எனக்கு மூன்று வருஷமாகத் தெரியும். காக்ஸ் டவுன் பக்கம் ஒரு அப்பார்ட்மென்ட்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அவளுடைய அப்பா சுரங்க ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். அந்த ஒரே தகுதியில் சாயங்கால ரயிலுக்கு அவள்தான் டாக்டர். கைப்பையில் ஒரு ஜிப் பவுச் வைத்திருப்பாள். யார் யாருக்கோ எழுதிக் கொடுத்து மீதியான மாத்திரைகள் எல்லாம் அதில் வந்து சேரும். தலைவலிக்கு ஒன்று, பல்வலிக்கு ரெண்டு என்று எடுத்துக் கொடுப்பாள். "அந்தப் பவுச்சைக் கொண்டா, குப்பையில போடறேன்" என்று பார்க்கும்போதெல்லாம் சண்டை போடுவேன். "போடுங்க டாக்டரம்மா. பி.பி. மாத்திரைய மட்டும் எடுத்துக்கறேன், அது என்னுது" என்பாள். பவுச் அப்படியே திரும்பிப் போகும்.

இன்னொருவர் அருள்தாஸ். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள். தலையில் குல்லாய், கழுத்தில் ரெண்டு சுற்று மஃப்ளர், வாயருகே கைக்குட்டை. பேச வேண்டியதை எல்லாம் செல்வி பேசினாள்.

"இவரு அருள்தாஸ் அண்ணா. எங்க அப்பார்ட்மென்ட்ல மோட்டார், ஜெனரேட்டர் பாத்துக்கறாரு. கீழ கடைசிப் பல்லு, ரைட் சைடு. அஞ்சு நாளா வலி. நாந்தான் மாத்திரை குடுத்தேன், திட்டாதீங்க. நேத்துலருந்து வலி சொல்ப கம்மி, ஆனா வீங்கிடுச்சு. நாளைக்கு ஊர்ல ஆபீஸுக்கு வரச் சொல்லியிருக்காங்க. அவங்கப்பாவுக்கு மைன்ஸ்ல குடுத்த குவார்ட்டர்ஸ் வீட்ட இவர் பேருக்கு மாத்தறாங்க. நேர்ல போயி கையெழுத்துப் போடலைன்னா மறுபடியும் எப்ப கூப்பிடுவாங்கன்னு தெரியாது. அதனால இன்னைக்குப் புடுங்க வேணாம். வீக்கம் எறங்கறதுக்கு எழுதிக் குடுங்க. ஆறு மணி ட்ரெயின்."

"வலி எப்படி இருக்கு?" என்று அவரிடம் கேட்டேன். கையை நீட்டி இப்படியும் அப்படியுமாக ஆட்டிக் காட்டினார். பாதி என்று எடுத்துக்கொண்டேன்.

நம்முடைய தொழிலில் ஒரு பழக்கம் நம்மை அறியாமல் வந்துவிடும். நம்மிடம் வருகிறவர்கள் பேசுவதில்லை. நாம் கருவியோடு நிற்கிறோம், எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தபடி தலையாட்டுகிறார். வருஷக்கணக்கில் இப்படியே போனால், பேசாத நோயாளி நல்ல நோயாளி என்று தோன்ற ஆரம்பிக்கும். அதிலும் கூட வந்தவர் செல்வியைப் போல விவரமாகப் பேசினால், நாம் கேட்க வேண்டியது எல்லாம் கேட்டாகிவிட்டது என்றே நினைத்துவிடுவோம்.

நாற்காலியைச் சாய்த்தேன். பாதிகூடச் சாயவில்லை, அருள்தாஸ் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். "பயப்படாதீங்க. இன்னைக்கு ஊசிகூடக் கிடையாது" என்றேன். சரி, உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். கண்ணாடியை உள்ளே விட்டேன்.

வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை. கடைசிப் பல்லைச் சுற்றி ஈறு சிவந்து வீங்கியிருந்தது. நாக்கு குறுக்கே வந்து மறைத்தது. கண்ணாடியால் ஒதுக்கிப் பார்த்தேன், ஒதுங்கவில்லை. சொன்னபடி கேட்காத நாக்கு என்று நினைத்துக்கொண்டேன். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். தாடைக்குக் கீழே மஃப்ளர் இருந்தது. டிசம்பர் மாதப் பெங்களூரில் ஒருவரிடம் மஃப்ளரை அவிழ்க்கச் சொல்வது சட்டையைக் கழற்றச் சொல்வது மாதிரி. நான் சொல்லவில்லை.

மாத்திரை எழுதிக் கொடுத்தேன். "ரெண்டு நாள் கழிச்சு வாங்க, வீக்கம் வடிஞ்சதும் எடுத்துடலாம். நல்லபடியா கையெழுத்துப் போட்டுட்டு வாங்க" என்றேன். அருள்தாஸ் கும்பிட்டார். ஐந்தேகாலுக்கெல்லாம் கிளம்பிவிட்டார்கள். ரயிலுக்கு நேரத்தோடு அனுப்பிவைத்தோம் என்று எனக்கு ஒரு திருப்தி வேறு.

ஆறேகால் மணி வாக்கில் பிலோமினா ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து நீட்டினாள். பிலோமினா என்னோடு இருபது வருஷம் இருந்த உதவியாளர். எதற்கும் பதறாதவள்.

"சேருக்கு அடியில கெடந்துச்சு டாக்டர். அந்த அண்ணனோட சீசன் பாஸு."

பாஸ் இல்லாமல் டிக்கெட் பரிசோதகரிடம் மாட்டிக்கொள்வாரே என்று, கிளினிக் கார்டில் செல்வி எழுதிக் கொடுத்திருந்த அவருடைய நம்பருக்குப் போன் செய்தேன். எடுத்தார். ஏதோ சொன்னார். வாயில் கொதிக்கிற இட்லியைப் போட்டுக்கொண்டு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் ஒருவர் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"வாயில என்ன வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

மறுபடியும் அதே குரல். ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார் என்று ஊகித்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் முக்கால் மணி நேரம் என் கிளினிக்கில் இருந்த மனிதர். அவருடைய குரலை நான் இப்போதுதான் முதல்முதலாகக் கேட்கிறேன். கையிலிருந்த பாஸைப் பார்த்தேன். பிறகு நாற்காலியைப் பார்த்தேன். பாஸ் சட்டைப் பையிலிருந்து நழுவியது அவர் சட்டென்று எழுந்ததால். அவர் எழுந்தது பயத்தால் இல்லை. சாய்ந்தால் அவருக்கு மூச்சு வரவில்லை. நாக்கு ஒதுங்காததற்குக் காரணமும் வேறு. அதற்கு அடியில் இருந்த வீக்கம் அதை மேலே தூக்கிக்கொண்டிருந்தது. கைக்குட்டை வலிக்காக இல்லை, விழுங்க முடியாத எச்சிலுக்காக.

சீழ் நாக்கின் அடியிலும் தாடையின் கீழே இரண்டு பக்கமும் பரவி மூச்சுவழியை அடைக்கிற இந்த நிலைமைக்கு ஒரு ஜெர்மன்காரரின் பேரில் பெயர் உண்டு, உங்களுக்குத் தெரியும். அடைக்க ஆரம்பித்தால் சில மணி நேரத்தில் ஆள் போய்விடலாம் என்பதும் தெரியும். ரயில் ஊர் போய்ச் சேர இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்தது. வைட்ஃபீல்டைத் தாண்டிவிட்டால் நடுவில் பெரிய ஆஸ்பத்திரி எதுவும் கிடையாது. பயந்தேன், நன்றாகவே பயந்தேன்.

"பக்கத்துல இருக்கறவர்கிட்ட போனைக் குடுங்க" என்றேன்.

"ஹலோ, யாரு?" என்றது ஒரு ஆண் குரல். பின்னால் சீட்டு இறக்கும் சத்தம். அந்தப் பெட்டியில் தினமும் ஒரு கூட்டம் சீட்டாடிக்கொண்டே ஊருக்குப் போகும்.

"நான் பல் டாக்டர் பேசறேன். அருள்தாஸ் எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு மேடம். ஒடம்பு முடியலன்னு நாங்க எல்லாம் எந்திரிச்சு ஒரு சீட்டு ஃபுல்லா விட்டுக் குடுத்திருக்கோம். படுங்கண்ணான்னா கேக்க மாட்டேங்கறாரு. நாலு வாட்டி படுக்க வெச்சோம், எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துக்கறாரு. இப்ப ரெண்டு பேரு புடிச்சுக்கிட்டு…"

"படுக்க வைக்காதீங்க!"

நான் அப்படிக் கத்தி பிலோமினா கேட்டதில்லை. அந்தப் பக்கம் சீட்டாட்டமும் நின்றது.

"நேரா உட்கார வைங்க. கொஞ்சம் முன்னாடி சாய்ஞ்சு உட்காரட்டும். யாரும் பிடிச்சு அழுத்தாதீங்க. இப்ப எங்க இருக்கீங்க? செல்வி எங்க?"

"கே.ஆர். புரம் தாண்டிட்டோம் மேடம். அடுத்து ஹூடி, அப்புறம் வைட்ஃபீல்ட். செல்வி அக்கா லேடீஸ் பொட்டியில."

பிலோமினாவின் போனில் இன்னொருவரைக் கூப்பிடச் சொன்னேன். என்னோடு படித்தவர், வைட்ஃபீல்ட் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் தாடை அறுவைச் சிகிச்சை நிபுணர். அவர் பேரை இங்கே எழுதினால் கோபித்துக்கொள்வார். கல்லூரிக் காலத்திலிருந்தே அளந்து பேசுகிற ஆள். நான் படபடவென்று சொன்னதைக் கேட்டுவிட்டு மூன்று கேள்வி கேட்டார். எச்சில் விழுங்கறாரா? நாக்கை வெளியே நீட்ட முடியுதா? கழுத்து எப்படி இருக்கு?

ஒரு காதில் ஒரு போன், இன்னொரு காதில் இன்னொரு போன். கேள்விகளை நான் ரயிலுக்கு அனுப்பினேன். சீட்டாட்டக்காரர் பொறுப்பாகப் பதில் சொன்னார்.

"எச்சில கர்ச்சீப்புலதான் துப்பறாரு மேடம். நாக்கு… பல்லத் தாண்டி வரல."

"மஃப்ளரை அவிழுங்க."

துணி உரசும் சத்தம் கேட்டது.

"மேடம், கழுத்தே காணோம். தாடையிலருந்து நெஞ்சு வரைக்கும் ஒண்ணா இருக்குது. தொட்டா கல்லு மாதிரி இருக்குது."

நண்பரிடம் சொன்னேன். "வைட்ஃபீல்ட்ல இறக்கு. நான் தியேட்டரை ரெடி பண்றேன்" என்றார். பிறகு, "நீ இவரைப் பாத்தியா?" என்று கேட்டார். "பாத்தேன்" என்றேன்.

இனிமேல்தான் கஷ்டம். அருள்தாஸ் இறங்க மாட்டேன் என்று தலையாட்டினார். "எழுதற மாதிரி கையால காட்டறாரு மேடம். நாளைக்குக் கையெழுத்தாம்" என்றார் சீட்டாட்டக்காரர். போனை அவர் காதில் வைக்கச் சொன்னேன்.

"அருள்தாஸ், டாக்டர் சொல்றேன், வைட்ஃபீல்ட்ல இறங்குங்க" என்றேன். மறுக்கிற மாதிரி ஒரு முனகல்தான் வந்தது. வேலைக்காகவில்லை என்று புரிந்தது. ஏன் ஆகும்? ரெண்டு நாள் கழித்து வா என்று சாயங்காலம் சொன்னதும் இதே டாக்டர்தான். அவர் எந்த டாக்டரை நம்புவார்? ரயில் ஹூடியில் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. இன்னும் ஆறேழு நிமிஷம்தான் இருந்தது.

அந்த இடத்தில் எனக்குச் சொல்வதற்கு மிச்சமிருந்தது ஒன்றுதான். "நான் தப்புப் பண்ணிட்டேன் அருள்தாஸ். சாயங்காலம் உங்களைச் சரியாப் பாக்கல. உங்க மூச்சுக் குழாய் அடைக்குது. நான் அதைக் கவனிக்காம உங்களை ட்ரெயினுக்கு அனுப்பிட்டேன். இப்ப இறங்கலைன்னா நாளைக்குக் கையெழுத்துப் போட நீங்க இருக்க மாட்டீங்க."

இதைக் கேட்டபடி நாலு நோயாளிகள் காத்திருந்தார்கள். மறுநாள் அவர்களில் ஒருத்தர் வரவில்லை. போகட்டும். உங்களுக்கும் ஒருநாள் இந்த நிலைமை வரும். அப்போது கௌரவம் பார்த்துக்கொண்டு வழவழவென்று பேசாதீர்கள். தப்பை ஒத்துக்கொண்டால்தான் அடுத்து நீங்கள் சொல்வதை நோயாளி நம்புவார். அருள்தாஸ் நம்பினார். எழுந்து நின்றுவிட்டார் என்று சீட்டாட்டக்காரர் சொன்னார்.

வைட்ஃபீல்டில் மொத்தம் ஏழு பேர் இறங்கினார்கள். ஒருவர் போதும் என்று நான் சொல்லியிருந்தேன். சீட்டாட்டக்காரர்கள் பிளாட்ஃபாரத்தில் ஓடிப்போய் லேடீஸ் பெட்டியின் ஜன்னலில் தட்ட, செல்வி கிளம்பிய ரயிலிலிருந்து குதித்து இறங்கினாள். ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். ஆட்டோ பிடித்தார்கள். ஆஸ்பத்திரி மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் அது வைட்ஃபீல்ட், அது ஆபீஸ் விடும் நேரம். "இந்த டைம்ல நடந்து போனா பேகா, சீக்கிரமா போயிடலாம்" என்றாராம் ஆட்டோக்காரர். ஒரு வகையில் அதையே செய்தார்கள். அருள்தாஸும் செல்வியும் ஆட்டோவில். மற்ற ஐந்து பேரும் ஆட்டோவுக்கு முன்னால் நடந்து, கம்பெனிக் கேப்களின் பானெட்டில் தட்டித் தட்டி வழி வாங்கினார்கள்.

வழியெல்லாம் செல்வி போனில் இருந்தாள். அவர் தலை தொங்கும்போதெல்லாம் நிமிர்த்தினாள். ஒரு கட்டத்தில், "பவுச்சுலருந்து எதுனா குடுக்கட்டுமா டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் குடுக்காதே. தண்ணிகூடக் குடுக்காதே."

"சரி டாக்டரம்மா."

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நான் சொன்னதைக் கேட்டாள்.

நான் கிளினிக்கை மூடிவிட்டுக் கேப் பிடித்துப் போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நண்பர் வெளியே வந்து ரெண்டு வரியில் சொன்னார். மூக்கு வழியாகக் குழாய் போட்டு மூச்சுக்கு வழி செய்துவிட்டார்கள். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கீறி விட்டு, பல்லையும் எடுத்தாகிவிட்டது. வந்த சீழின் அளவையும் சொன்னார். நீங்கள் இதைச் சாப்பாட்டு நேரத்தில் படிக்கலாம் என்பதால் அதை எழுதவில்லை. "குழாய் கஷ்டப்பட்டுத்தான் போச்சு. இன்னும் ஒரு மணி நேரம் ஆயிருந்தா போயிருக்காது" என்றார்.

வராந்தாவில் சீட்டாட்டக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையில் சீட்டுக்கட்டு இருந்தது, பிரிக்கவில்லை. கடைசி நாற்காலியில் செல்வி. மடியில் பவுச்.

"என் மாத்திரையாலதான் இப்படி ஆச்சா டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் 'ஆமாம்' என்று நாக்கு நுனி வரை வந்தது. மூன்று வருஷச் சண்டையில் ஜெயித்த மாதிரியும் ஆகும், என் தப்பும் மறைந்துவிடும். அவள் என்னை நம்பத் தயாராக இருந்தாள். அப்படித் தோன்றியதற்காக எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"உன் மாத்திரை வலிய மூடி வெச்சுது. அது தப்புதான்" என்றேன். "ஆனா நாலரை மணிக்கு அவரைப் பாத்தது நான். மஃப்ளரை அவிழ்க்காதது நான். அனுப்பி வெச்சதும் நான்."

"நாந்தான ட்ரெயினுக்கு டைம் ஆச்சுன்னு சொன்னேன்?"

"நீ சொல்லலாம் செல்வி. நான் கேட்டிருக்கக் கூடாது."

அவள் பவுச்சைத் திறந்து பி.பி. மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை என் கைப்பைக்குள் வைத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை என் இன்டர்வியூ ஆரம்பமானது. நேராக உட்கார வைப்பது, பேச வைப்பது, குளிரோ இல்லையோ மஃப்ளரை அவிழ்ப்பது. கண்ணாடியைத் தட்டிலேயே வைத்திருக்கும் வழக்கம் மட்டும் அப்போது கிடையாது. கையில் பிடித்தபடிதான் கேள்வி கேட்பேன். அந்த வழக்கம் ஒரு மாதம் கழித்து வந்தது.

ஒரு மாதம் கழித்து அருள்தாஸ் தனியாக வந்தார். தாடைக்குக் கீழே ரெண்டு தழும்பு. மஃப்ளரைக் கையில் சுருட்டி வைத்திருந்தார். கனமான, தெளிவான குரல் அவருக்கு. இருபது நிமிஷம் பேசினார். ஆபீஸில் வேறொரு நாள் வரச் சொன்னார்கள், போய்க் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, வீடு இப்போது தன் பேரில் இருக்கிறது என்றார். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தவரை சீட்டாட்டக்காரர்கள் முறை வைத்து அவர் மனைவிக்குத் துணையாக வந்துபோனார்கள் என்றார். செல்வி இப்போது ரயிலில் யாராவது மாத்திரை கேட்டால் கழுத்தைக் காட்டச் சொல்கிறாள் என்றார். நான் சீசன் பாஸை எடுத்துக் கொடுத்தேன். தேதி முடிந்து போயிருந்தது. அப்படியும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதோடு நான் விட்டிருக்கலாம். என் மேல் விழுந்த பாரத்தில் ஒரு கைப்பிடியாவது அவர் பக்கம் தள்ளிவிட முடியுமா என்று ஒரு ஆசை இருந்திருக்க வேண்டும்.

"அன்னைக்குச் சேரைச் சாய்ச்சப்ப எந்திரிச்சீங்களே அருள்தாஸ், மூச்சு முட்டுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவர் முகத்தில் கோபமில்லை. எனக்கு இது தெரியாதா என்கிற ஆச்சரியம்தான் இருந்தது.

"அதச் சொல்லத்தான் டாக்டரம்மா வாயத் தொறந்தேன். நீங்க கண்ணாடிய உள்ள உட்டுட்டீங்க."

அப்போதும் அது என் கையில்தான் இருந்தது. தட்டில் வைத்தேன்.